ஒச்சம்மாள் கடை மல்லி

பவுன்தாயின் பிள்ளையைப் புதைத்த மறுநாள் விடியலில், ஊத்துப்பட்டிப் பூச்சந்தையில் ஒச்சம்மாள் கடை மல்லி மட்டும் சீழ் பிடித்த வாயைப் போல நாறியது. அதிசயம் அவ்வளவுதான். வானம் கறுக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை. சிறுமலைக்குக் கீழே எந்தத் தோட்டத்தில் பறித்த மொட்டானாலும், ஈரச்சாக்கில் கட்டி மொபெட்டின் பின்னால் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்து இறக்குகிறவரைக்கும் மல்லி மல்லியாகத்தான் இருந்தது. சாக்கைப் பிரித்துப் பாதியைப் பக்கத்துக் கடையில் கொட்டினால் அங்கே தெருவே மணத்தது. மீதிப் பாதி ஒச்சம்மாள் கடை வாசற்படியைத் தாண்டியதும் நாறத் தொடங்கியது. மொட்டு வெள்ளையாகவே இருந்தது. வாடவில்லை, பழுக்கவில்லை. நாறியது.

ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சந்தை கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டது.

பவுன்தாய், ஒச்சம்மாளின் மகன் காசிமாயனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த வீட்டில் ஒச்சம்மாள் வைத்ததுதான் சட்டம். புருஷன் செத்த பிறகு பூக்கடையைத் தானே எடுத்து நடத்தி, தொண்டை கிழியக் கத்துகிற வியாபாரிகளை ஒரு பார்வையில் அடக்கி, மல்லிக்கு அவள் சொன்னதுதான் அன்றைய விலை என்று ஆக்கி வைத்திருந்தவள். அவளுக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று ஊர் நம்பியது. அதைவிட அவள் நம்பினாள்.

பவுன்தாய் முழுகாமல் இருந்த மூன்றாம் மாதத்தில் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. பல பெண்களுக்கு வருவதுதான். வயிற்றில் பிள்ளை தங்கினால் ஈறு சிவந்து தடிக்கும். அப்போதுதான் இன்னும் ஒழுங்காக விளக்க வேண்டும், டாக்டரிடம் ஒரு தரம் வாயைக் காட்ட வேண்டும், தீர்ந்தது. ஆனால் துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்த சிவந்த எச்சிலை ஒச்சம்மாள் பார்த்துவிட்டாள். உள்ளே இருக்கிற பிள்ளையின் ரத்தத்தையா துப்புகிறாய் என்று கேட்டு, பிரஷ்ஷைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அந்த வீட்டு வழக்கம் அது. வயிற்றுப் பிள்ளைக்காரி வாயில் ரத்தம் காட்டக் கூடாது. காட்டாமல் இருக்கப் பல்லில் விரல் படக் கூடாது. ஆக, ரத்தம் வருகிறது என்று தேய்க்காமல் விட்டார்கள், தேய்க்காமல் விட்டதால் ஈறு புண்ணானது, புண்ணானதால் சோற்றுப் பருக்கை பட்டாலும் ரத்தம் வந்தது, ரத்தம் வந்ததால் கொப்பளிப்பதையும் குறைத்தார்கள். ஐந்தாம் மாதம் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியது.

கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஒச்சம்மாள் புகையிலைத் துணுக்கைக் கசக்கிப் பல்லில் அடைத்தாள். தலை சுற்றி வாந்தி வந்தது. வாந்தி என்றால் ஆண்பிள்ளை என்று சந்தோஷப்பட்டாள். டவுனுக்குப் போய்ப் பல்லைக் காட்டி வருகிறேன் என்று பவுன்தாய் கும்பிட்டுக் கேட்டபோது, வயிற்றில் பிள்ளை இருக்க வாயில் இரும்பு பட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று சொல்லிவிட்டாள். காசிமாயன் ஒரு நாள் துணிந்து மொபெட்டை வெளியே எடுத்தான். அம்மா பார்த்தாள். அவன் அதைத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே நிறுத்தினான்.

வேலை மட்டும் நிற்கவில்லை. பவுன்தாய் கட்டுகிற சரத்துக்கு ஊரில் பேர் இருந்தது. வாழைநாரை நனைத்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, பல்லால் கிழித்துக் கிழித்துக் கட்டுவாள். வீங்கிய வாயோடும் அப்படித்தான் கட்டினாள். கடைக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒச்சம்மாள் அவளைச் சாக்குகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். வாயைத் திறந்து பேசாதே, வியாபாரம் கெடும் என்றாள்.

ஏழாம் மாதத்தில் காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தன, அதன் பின்னால் வலி வந்தது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெண் குழந்தை. ஒரு பகல் மூச்சு விட்டது, பொழுது சாயும்போது நிறுத்திக்கொண்டது. காசிமாயன் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனான். பவுன்தாய்க்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று பெரியாஸ்பத்திரியிலேயே பல் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். ரெஜினா என்ற அந்த டாக்டரம்மா சீழை வடித்து, மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை எடுத்துப் பஞ்சில் வைத்தாள். பவுன்தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இதனாலயா?

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா," என்றாள் டாக்டரம்மா. "குறைமாசத்துக்குப் பல காரணம் உண்டு. ஈறுல சீழ் இருக்கிறதும் அதுல ஒண்ணா இருக்கலாம். ஆனா இந்தப் பல்லை அஞ்சாம் மாசமே எடுத்திருக்கலாம். தாராளமா எடுத்திருக்கலாம்."

பவுன்தாய் 'இருக்கலாம்' என்பதை விட்டுவிட்டாள். 'தாராளமா' என்ற சொல்லை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே சந்தையில் பேச்சு முடிந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒச்சம்மாள் தராசைத் துடைத்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் பப்பாளி தின்றுவிட்டாள், என்ன செய்வது என்று சொன்னாள். அந்தத் தெருவில் பப்பாளி மரமே கிடையாது. ஒருவரும் அதை யோசிக்கவில்லை. பவுன்தாய் வீடு திரும்பும் முன்பே அவளுக்குப் பப்பாளிக்காரி என்று பேர் வைத்தாகிவிட்டது. தெருக்குழாயில் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. சீமந்த வீடுகளில் அவளைக் கூப்பிடுவது நின்றது. பிள்ளையைத் தின்றவள் என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

வத்தலக்குண்டிலிருந்து அவளுடைய அம்மா வந்து, வந்துவிடு தாயீ, நம்ம வீட்டில் கிடக்கலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். பவுன்தாய் போகவில்லை. கடையை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். சந்தைக்குள் நுழைந்ததும் அந்த நாற்றம் எதிரே வந்தது. அவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதக்கணக்கில் அதைத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு தூங்கியவள் அவள். தன் வாயை உள்ளங்கையில் ஊதிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, துலக்கிய சொம்பு மாதிரி இருந்தது. வாயில் இருந்தது மொத்தமும் கடைக்குக் குடிபோயிருந்தது. அம்மாவிடம் திரும்பி வந்து, நீ ஊருக்குப் போம்மா, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றாள்.

வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. கடை வாசலில் காலிச்சாக்கைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

பார்க்க நிறைய இருந்தது. முதலில் செத்த எலி என்றார்கள். சாக்குகளை உதறி, பலகைகளைப் பெயர்த்து, ஓடுகளைப் பிரித்து எலியைத் தேடினார்கள். சாக்கடை என்றார்கள், பஞ்சாயத்து ஆட்கள் வந்து சந்தைச் சாக்கடை முழுவதையும் அள்ளினார்கள், ஊத்துப்பட்டி அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. பினாயில் ஊற்றினார்கள், மல்லி பினாயிலையும் மீறி நாறியது. பூவை மாற்றினார்கள். பிச்சி நாறியது, சம்பங்கி நாறியது, மணமே இல்லாத கனகாம்பரமும் நாறியது, ஒச்சம்மாளின் புருஷன் போட்டோவுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையும் சேர்ந்துகொண்டது. சென்ட் கம்பெனிக்காரன் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு லோடு வாங்கிக்கொண்டு போய்க் காய்ச்சினான். மறுநாள் காலையில் கம்பெனி வாட்ச்மேன் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

கோயில் பூசாரி ஒச்சம்மாளுக்குப் பயந்து அவள் கட்டளை மாலையை வாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அம்மனுக்குச் சாத்திவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கினான். அம்மன் பொறுத்துக்கொள்கிறாளே, மனுஷருக்கு என்ன என்று ஒச்சம்மாள் சொன்னாள். கல்லாய் இருப்பதில் அப்படி ஒரு வசதி.

ஒரு கல்யாணத்துக்கு அவள் கடை மாலை போயிற்று. மாப்பிள்ளை, பெண்ணின் வாய் என்று நினைத்தான். பெண், மாப்பிள்ளையின் வாய் என்று நினைத்தாள். இரண்டு பேரும் போட்டோவில் ஆளுக்கொரு திசை பார்த்தபடி நின்றார்கள். பஞ்சாயத்து கூடி, மாலைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்து, இரண்டையும் கழற்றித் தூரப் போட்டார்கள். பெண்ணுக்கு நாற்றம் போய்விட்டது, மாப்பிள்ளைக்குப் போகவில்லை. அது வேறு கதை. அவனையும் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆண்கள் இப்படி எலியையும் சாக்கடையையும் தேடிக்கொண்டிருக்க, பெண்கள் ஒரு தரம் மோந்து பார்த்ததும் பேசாமல் நின்றார்கள். பூ எடுக்க வந்த பெண்கள், பூப் பறித்துக்கொண்டு வந்த பெண்கள், சந்தையைக் கூட்டுகிற பெண்கள், ஒவ்வொருத்தியாகக் கடை முன்னால் வந்து, துக்க வீட்டுக்கு வந்ததுபோல நின்று, நாக்கால் தங்கள் வாய்க்குள்ளேயே ஓர் இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள். மூத்தவனுக்குப் போன பல், இளையவளுக்குப் போன பல், இரண்டு பக்கமும் மெல்ல முடியாமல் வெறும் ரசஞ்சோறாக விழுங்கிய மாதங்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த வருஷங்கள், புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தது, பிள்ளை எடை குறைந்து பிறந்தது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இது வாய் நாற்றம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. யாருடைய வாய் என்பது அதற்கப்புறம் தெரிந்தது.

வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் அவள் கடையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கத்துக் கடையை இரண்டு கடை தள்ளி வைத்தார்கள். ஊர் பழகிக்கொண்டது. வெளியூர்க்காரன் வழி கேட்டால், மூக்கைப் பொத்த வேண்டி வந்தால் இடது பக்கம் திரும்பு என்றார்கள். மற்ற வியாபாரிகள், நமக்கும் இது வந்துவிடக் கூடாதே என்று முன்னெச்சரிக்கையாகத் தங்கள் வீட்டில் முழுகாமல் இருக்கிற பெண்களை ஷேர் ஆட்டோ பிடித்து ரெஜினா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். இரக்கத்தால் அல்ல, மல்லிக்காக. பெண்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பல் சரியாயிற்று.

ஒச்சம்மாள் மட்டும் கடையை அடைக்கவில்லை. மூக்குத்தி மினுங்க, அதே நாற்காலியில், அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வாங்க ஆள் இல்லாத மல்லிக்குத் தினம் விலை சொன்னாள்.

காசிமாயன்தான் முதலில் உடைந்தான். நீ ஏதாவது செய்வினை வைத்திருந்தால் எடுத்துவிடு, குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று பவுன்தாயிடம் கெஞ்சினான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் வைக்கலை," என்றாள். "உங்க அம்மா வச்ச பேரை உங்க அம்மா எடுக்கட்டும். சந்தையில நின்னு சொன்னதைச் சந்தையில நின்னு திருப்பட்டும். அப்பப் போகுதான்னு பாப்போம்."

"அது நடக்காது பவுனு. அம்மாவைப் பத்தித் தெரியாதா உனக்கு."

"அப்ப நாறட்டும்."

அவன் போய் அம்மாவிடம் சொன்னான். பப்பாளிக்காரிக்கு வாய் நீளமா என்று ஒச்சம்மாள் கேட்டாள். அதோடு முடிந்தது.

இப்படி இருக்கையில் பொன்னழகு வந்தாள். ஒச்சம்மாளின் மகள், தேனிப் பக்கம் கட்டிக்கொடுத்தவள், ஐந்து மாத வயிற்றோடு தாய்வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தாள். வந்து இறங்கியபோதே ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தாள். வாசலில் கொப்பளித்துத் துப்பினாள்; தண்ணீர் சிவந்து ஓடியது. பவுன்தாய் பார்த்தாள். ஒச்சம்மாளும் பார்த்தாள். இரண்டு பேரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒச்சம்மாள் ஒன்றும் முட்டாள் இல்லை. சந்தையில் இத்தனை பெண்கள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து நல்லபடியாகப் பெற்றதை அவளும் கண்ணால் பார்த்திருந்தாள். ஆனால் பொன்னழகை டாக்டரிடம் அனுப்பினால், பவுன்தாயை அனுப்பாதது என்ன என்று ஊர் கேட்கும். கேட்டால் பப்பாளி நிற்காது. ஆகவே மகள் வாயிலும் புகையிலையை அடைத்தாள். இரும்பு படக் கூடாது என்று மகளுக்கும் சொன்னாள். மகள் அழுதால் எழுந்து கொல்லைக்குப் போய் நின்றாள்.

பவுன்தாய் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. சும்மா இருந்தாலே போதும். தனக்கு என்ன நடந்ததோ அது பொன்னழகுக்கும் நடக்கும், ஒச்சம்மாளின் ரத்தமே துண்டில் பொதிந்து போகும், கணக்கு நேராகும். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு ருசித்தது. நாத்தி முனகுகிற சத்தத்தைக் கேட்டபடி ஊறுகாயைக் கடித்துத் தின்றாள். மதினி, உங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுச்சா என்று பொன்னழகு கேட்டபோது, உங்க அம்மாவைக் கேளு என்றாள். இதைப் பாவம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் பிள்ளையைப் புதைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு நாள் மத்தியானம், பொன்னழகு பாயில் சுருண்டு கிடக்க, ஒச்சம்மாள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாக விசாரித்தாள். உன் மாமியார் வீட்டில் அன்னாசிப்பழம் ஏதும் கொடுத்தார்களா. யோசித்துச் சொல்லு. ஒரு துண்டாவது தின்றிருப்பாய். எள்ளுருண்டையாவது தின்றிருப்பாய்.

அடுப்படியில் இருந்த பவுன்தாயின் கை நின்றது.

புரிந்துபோயிற்று. பிள்ளை செத்தால் ஒச்சம்மாள் தோற்க மாட்டாள். அன்னாசி தயாராக இருக்கிறது. பப்பாளி ஒருத்தி தலையில் விழுந்ததுபோல அன்னாசி இன்னொருத்தி தலையில் விழும். சம்பந்தி வீட்டோடு ஒரு சண்டை போட்டு, ஓர் ஆண்டு அழுது, மூக்குத்தியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து நாற்காலியில் உட்காருவாள். செத்த பிள்ளை எதையும் நிரூபிக்காது. பிழைத்த பிள்ளைதான் நிரூபிக்கும். பிழைத்து, தவழ்ந்து, சந்தைக்குள் ஓடியாடித் திரிந்து, பார்க்கிறவர்கள் எல்லோரும், ஓகோ, பல்லைப் பிடுங்கினதால் பிழைத்த பிள்ளை, அப்படியானால் அந்த இன்னொன்றும் இந்நேரம் ஓடியாடியிருக்குமே என்று சொல்லச் சொல்ல, ஒச்சம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். அதுதான் தண்டனை. மற்றதெல்லாம் சில்லறை.

மறுநாள் காலையில் பவுன்தாய் பொன்னழகின் முடியை வாரிப் பின்னி, நல்ல சேலை உடுத்திவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி இருந்தது. பவுன்தாய் சந்தை வழியாகப் போனாள். ஏலம் உச்சத்தில் இருந்த நேரம். வீங்கிய கன்னத்தோடும் வயிற்றோடும் பொன்னழகு நடந்து வரக் கண்டு கூட்டம் விலகி வழி விட்டது. கடைக்கு நேரே வந்ததும் ஒச்சம்மாள் எழுந்து நின்றாள்.

"எங்கடி கூட்டிக்கிட்டுப் போற அவளை?"

"பல்லைப் பிடுங்க."

"வயித்துப் பிள்ளைக்காரிடி அவ."

"நானும்தான் இருந்தேன்."

பவுன்தாய் காத்திருந்தாள். "வேணாம்னா இப்பச் சொல்லுங்க அத்தே. எனக்குச் சொன்னதை உங்க மகளுக்கும் சொல்லுங்க. இத்தனை பேரும் கேக்கட்டும். திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்."

ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். பொன்னழகு, "வலிக்குதும்மா," என்று மட்டும் சொன்னாள். ஒச்சம்மாளின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. மல்லி நாறிக்கொண்டிருந்தது. அவர்கள் பஸ் ஏறினார்கள்.

ரெஜினா டாக்டர் பல்லை எடுத்தாள், ஈறைச் சுத்தம் செய்தாள், எப்படி விளக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினாள். நடு மாதம்தான் நல்ல நேரம், பயப்பட ஒன்றுமில்லை, வாந்தி எடுத்தால் வெறும் தண்ணீரில் கொப்பளி, அப்புறம் தேய் என்றாள். பொன்னழகு அன்று சாயங்காலம் முழுத் தட்டுச் சோறு தின்றாள். மாதங்கள் ஓடி, நாள் நிறைந்து, பிள்ளையும் பெற்றாள். பெண். தொடையில் மடிப்பு விழ, கத்தினால் தெருக்கோடிக்குக் கேட்க. உதட்டில் பிளவு ஏதும் இல்லை. வந்த பெண்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

குலசாமி காப்பாற்றியது என்று ஒச்சம்மாள் சொல்லிப் பார்த்தாள். யாரும் மறுக்கவில்லை, யாரும் தலையாட்டவுமில்லை.

பூச்சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரர் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்தால், தீட்டுக் கழிந்ததும் கொண்டுவந்து கடைப் பூக்குவியலில் ஒரு நிமிஷம் கிடத்த வேண்டும். கிடத்தாவிட்டால் பிள்ளைக்கும் ஆகாது, கடைக்கும் ஆகாது. ஒச்சம்மாளே பிறந்த வீட்டுக் கடையில் அந்த மாதிரிக் குவியலில் கிடந்தவள்தான். எந்தப் பூவிலாவது கிடத்தலாமே, பக்கத்துக் கடையில் கிடத்தலாமே என்று காசிமாயன் சொன்னான். கடை மாறிக் கிடத்தினால் கடையே மாறிப்போகும் என்று ஒச்சம்மாள் சீறினாள். ஆக அந்த நாளில் மல்லியைக் குவித்து வைத்து, சந்தை முழுவதும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடி நின்றது. பொன்னழகு பிள்ளையை மதினி கையில் கொடுத்திருந்தாள். பவுன்தாய் கொண்டுவந்தாள். குவியலுக்கு அருகே குனிந்ததும் பிள்ளை நீலம் பூத்து வீறிட்டது. நிமிர்ந்தாள், அடங்கியது. குனிந்தாள், வீறிட்டது.

கொடு, நான் கிடத்துகிறேன் என்று ஒச்சம்மாள் கை நீட்டினாள். பவுன்தாய் கொடுக்கவில்லை.

"கேக்கிறாங்க அத்தே," என்றாள். யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. "இந்தப் புள்ளைய எப்படிக் காப்பாத்துனீங்கன்னு கேக்கிறாங்க."

ஒச்சம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். விலை சொன்னால் வாய் பொத்திக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆட்கள். அவள் பேத்தியைப் பார்த்தாள். பிறகு, பல்லைப் பிடுங்கினோம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூ எடுக்க வந்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

"பவுன்தாய் பப்பாளி திங்கலை," என்றாள் ஒச்சம்மாள். "அவளைப் பல்லு விளக்க விடாம, ஆஸ்பத்திரிக்கும் விடாம வச்சிருந்தது நான்தான். பொய் சொன்னதும் நான்தான்."

முதலில் குவியலின் அடியிலிருந்து வந்தது மணம். பிறகு மேலேறி, சாக்குகளுக்குப் பரவி, கூரையைத் தொட்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிச் சந்தை முழுவதையும் நிறைத்தது. மூக்குத் துண்டுகளை அவிழ்த்தார்கள். பவுன்தாய் குனிந்து பிள்ளையை மல்லியில் கிடத்தினாள். அது கொட்டாவி விட்டுத் தூங்கியது. அன்று மத்தியானத்துக்குள் ஒச்சம்மாள் கடையில் ஒரு மொட்டு மிஞ்சவில்லை. குடத்தை நகர்த்தினவள் ஒரு முழம் பூவோடு வந்து பவுன்தாயின் கொண்டையில் வைக்கப் பார்த்தாள். வேண்டாம், தலை வலிக்கிறது என்று பவுன்தாய் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடியலில் மல்லி மறுபடி நாறியது.

ஒரு தரம் சொன்னது ஒரு நாளுக்குத்தான் வரும் போலிருக்கிறது. ஒச்சம்மாள் மற்ற எல்லா வழியையும் பார்த்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள், பலிக்கவில்லை. பூவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து முணுமுணுத்தாள், பலிக்கவில்லை. தனக்குப் பதிலாகக் காசிமாயனைச் சொல்ல வைத்தாள். மல்லி முன்னைவிட மோசமாயிற்று, அவன் வாந்தி எடுத்தான். செல்போனில் பதிந்து வைத்துப் போட்டுக் காட்டினாள். அந்தச் செல்போனையே கிணற்றில் போட வேண்டி வந்தது. கடைசியில் நாற்காலிக்கு முன்னால், ஏலம் தொடங்கு முன், எழுந்து நின்று, எல்லோருக்கும் முன்னால் தன் வாயால் சொன்னாள். மணத்தது.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. ஏல மணி அடிக்கும், ஒச்சம்மாள் எழுந்து சொல்வாள், அதற்கப்புறம் விலை. வாங்க வந்தவர்கள் பையை விரித்து வைத்துக்கொண்டு, சீக்கிரம் சொல்லி முடிம்மா, பஸ் போய்விடும் என்பதுபோலக் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள். வெளியூர் வியாபாரிகள் இதை ஏதோ சாமி கும்பிடுகிற வழக்கம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமியார்கள் சிலர் அந்த நேரத்தில் சந்தைப் பக்கம் வருவதை விட்டார்கள். மருமகள்கள் அந்த நேரத்துக்கென்றே வந்தார்கள். ஒரு நாள் ஒச்சம்மாளுக்குக் காய்ச்சல் என்று காசிமாயன் கடையைப் பூட்டப் போனான். பவுன்தாய் ஆட்டோ பிடித்து, மாமியாரைப் போர்வையோடு தூக்கி உட்கார வைத்து, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கினாள்.

பவுன்தாய் இப்போதும் தினம் வருகிறாள். பொன்னழகின் பிள்ளை தாய்வீடு வந்திருக்கிற நாட்களில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அது பாட்டியைப் பார்த்துக் கை தட்டும். பவுன்தாய் சாக்கில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். மணி அடிக்கும். ஒச்சம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது, குரல் நாளுக்கு நாள் உள்ளே போகிறது.

பவுன்தாய் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பாள். பிறகு சொல்வாள்:

"கேக்கலை அத்தே. கடைசியில நிக்கிறவுகளுக்கும் கேக்கணும்ல."